சந்தனவேம்பின் நூற்று நாற்பது படங்கள்

பாண்டியம்மாள் மேல் மரக்கிளை முறிந்து விழுந்த அன்று, அந்த மரத்தின் படம் மட்டும் என் போனில் நூற்று நாற்பது இருந்தது. ஒன்றில்கூடப் பாண்டியம்மாள் இல்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏலத்தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். போனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

1. இடைவேளைக் கிறுக்கு

போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் நான் ட்ரையர் ஆப்பரேட்டராக இருந்தேன். பறித்த பச்சைக்காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். காலை ஐந்து மணிக்கு முந்தின நாள் லோடை இறக்கி, தேய்த்து, சலித்து முடிக்கப் பன்னிரண்டாகிவிடும். அடுத்த பச்சைக்காய் ஜீப்பில் வந்து சேர நாலு மணி. நடுவில் இருக்கிற நாலு மணி நேரத்தில் மற்றவர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். எனக்கு மகள் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். நான் கலைஞன் ஆகிவிட்டேன்.

பாறையில் பாசி, வேரில் காளான், இலை நுனியில் தண்ணீர்ச் சொட்டு. எதையும் விடுவதில்லை. எடுத்த படத்துக்கு ஒரு வரி எழுதி ஸ்டேட்டஸில் வைப்பேன். ஒரு தரம் 'மௌனமே காட்டின் மொழி' என்று போட்டேன். ட்ரையர் ஃபேன் சத்தத்தில் பாதிக் காது போனவன் மௌனத்தைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே போடியில் இருக்கிற சொந்தக்காரர்கள் அதற்கும் கும்பிடும் பூவும் அனுப்பினார்கள். அந்தப் பூக்கள்தான் ஆளைக் கெடுத்தன.

மேனேஜர் மட்டும் மயங்கவில்லை. "என்னண்ணே, மரம் மரமாப் போயி போட்டோ எடுக்குறீங்க. மகனுக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்பார். எனக்கு மகனே கிடையாது. அவருக்கு ரசனை போதாது என்று நான் விட்டுவிட்டேன்.

என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. காட்டுப் படத்தில் ஆள் தெரியக் கூடாது. எந்தப் புண்ணியவான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று தெரியவில்லை. சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி வந்த பெண்கள் அந்தக் காடு முழுக்கச் சேற்றில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் முந்தானைகூட விழாமல் எடுப்பதை நான் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். தப்பித் தவறி யாராவது படத்தில் வந்துவிட்டால் உடனே அழித்துவிடுவேன்.

2. சந்தனவேம்பு

ஜீப் ரோடு திரும்புகிற வளைவில் ஒரு பெரிய சந்தனவேம்பு நின்றது. ரெண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. மதியம் ரெண்டு மணிக்குப் பெண்கள் காய்ச்சாக்கைச் சுமந்துகொண்டு அதன் அடியில் வந்து வரிசையில் நிற்பார்கள். மேனேஜர் அங்கேயே தராசைத் தொங்கவிட்டு எடை போடுவார். எடையை ஸ்டோர் முற்றத்தில் போட வேண்டும் என்பதுதான் தோட்டத்து ஏற்பாடு. ஆனால் ஜீப்பை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதே மேனேஜருக்குப் பழனி பாதயாத்திரை. அதனால் தராசு மரத்தடிக்கு வந்துவிட்டது.

என் கஷ்டம் வேறு. அந்த மரத்தில் வெயில் சரிந்து விழுகிற நேரமும் அதுதான். எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து, இவர்கள் எப்போது தொலைவார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாத நாட்களில் வாய்விட்டே சொல்லிவிடுவேன்.

"ஏ பாண்டியம்மா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லு. படத்துல ஒன் சேலை தெரியுது."

பாண்டியம்மாள் சிலமலைக்காரி. காய் எடுப்பதில் அவள் கையை யாரும் முந்த முடியாது, பேச்சிலும் அப்படித்தான். "சேலை தெரிஞ்சா என்னண்ணே? காட்டுக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, சாக்கை இழுத்துக்கொண்டு தள்ளி நிற்பாள். அப்படியும் வேறு யாராவது படத்தில் விழுந்துவிடுவார்கள், அழித்துவிடுவேன். எடை முடிந்து ரெண்டரைக்கு எல்லோரும் கிளம்பின பிறகு நான் ஆசை தீர எடுப்பேன்.

அந்த வருஷம் மரத்தில் ஒரு புதுமை கண்டேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி எடுத்து, வெளியே தெரியாமல் சேறு பூசியிருந்தது. அது என்னவென்று அந்த மலையில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். பச்சை மரத்தை வெட்ட உத்தரவு வாங்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும். தானாகக் காய்ந்த மரம் என்று பிறகு கதை சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தவன் என்ன செய்தேன்? சேற்று வளையத்தைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து, 'மண் ஒட்டியாணம்' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். நிறையப் பூ வந்தது.

அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த மரம் செத்ததை விடாமல் எடுத்தேன். இலை கொட்டியது, திரும்பத் துளிர்க்கவில்லை. பட்டை தொங்கியது. உச்சிக் கிளையில் வெள்ளைக் காளான் வரிசையாக ஏறியது. காளான் ஏறின கிளை காற்றுக்கு நிற்காது என்பது எனக்குத் தெரியாததா? வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

ஆடிக் காற்று பிடித்த மூன்றாம் நாள், எடை நேரத்தில், பாறையில் உட்கார்ந்திருந்த என் கண்ணெதிரே கிளை முறிந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பாண்டியம்மாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். தொடையெலும்பு ரெண்டாகிவிட்டது. ஜீப்பில் படுக்க வைத்து நாங்கள் கீழே கொண்டுபோனபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் கத்தின கத்தல் எனக்கு இன்றும் காதை விட்டுப் போகவில்லை.

3. விசாரணை

முதலாளி போடியில் மசாலா வியாபாரம் பார்க்கிறவர், மாதம் ஒரு தரம்தான் மேலே வருவார். இதற்காக வந்தார். கட்டுப்போட்ட காலோடு பாண்டியம்மாளையும் ஜீப்பில் ஏற்றி வந்து ஸ்டோர் வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். முடிவாக வேண்டியது ஒரே விஷயம். வேலையில் பட்ட அடி என்றால் வைத்தியமும் குணமாகிற வரை கூலியும் தோட்டத்தின் பொறுப்பு. இல்லையென்றால் அவள் பாடு. வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான்.

மேனேஜர் கூச்சமே இல்லாமல் சொன்னார். "எடையெல்லாம் இங்க முத்தத்துலதான் போடுறோம் முதலாளி. இந்தம்மா சோலிய விட்டுட்டு வெறகு பொறுக்க அங்கிட்டுப் போயிருக்கு."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த நாள் ஜீப்பில் ஏற்றுவதும் இறக்கிவிடுவதும் மேனேஜர் கையில் இருக்கிறது, அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தெனமும் அங்க போட்டோ எடுக்குறதாச் சொல்றாங்க. காட்டுங்க பாப்போம்."

போனைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மரம், மரம், மரம். மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, ஒரு ஈ காக்கா இல்ல. எடை போட்டா இதுல தெரிய வேண்டாமா?"

என் வித்தை அன்றைக்கு மேனேஜருக்கு நன்றாக உழைத்தது. பாண்டியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"முதலாளி, எல்லாப் படத்துலயும் மணி போட்டிருக்கும், பாருங்க. ஒண்ணுகூட ரெண்டரைக்கு முந்தி இருக்காது. ரெண்டுலருந்து ரெண்டரை வரைக்கும் அந்த எடத்துல எடை நடக்கும். கெள விழுந்த அன்னைக்கும் நடந்துச்சு. இவங்க போகட்டும்னு நான் எதுக்க பாறையில உக்காந்து காத்துக் கெடப்பேன். ஆள் இருந்தா படம் கெட்டுப் போகும்னு எடுக்க மாட்டேன், எடுத்தாலும் அழிச்சிருவேன். இந்தம்மாவ நானே பலதடவ தள்ளி நிக்கச் சொல்லியிருக்கேன்."

"அழிச்சதுக்கு என்னண்ணே சாட்சி?" என்றார் மேனேஜர்.

சேற்று வளையப் படத்தைத் தேடி எடுத்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வனத்துறை ஆபீசில் போய் நிற்கிற காட்சி அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"வேலையில பட்ட அடின்னே எழுதுங்க," என்றார் மேனேஜரிடம். "வெரசா எழுதுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "இந்தப் படத்த மட்டும் அழிச்சிருங்க," என்றார்.

ஞாயம் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம், பயம்தான் வேலை செய்தது. அழித்துவிட்டேன் என்று சொன்னேன். பாண்டியம்மாள் எழுந்து நடக்கிற வரைக்கும் அழிக்கவில்லை. முதலாளி மேனேஜரை ஒன்றும் செய்யவில்லை. தராசு முற்றத்துக்கு வந்தது, அவரும் வேறு வழியில்லாமல் நடந்து வந்தார்.

விசாரணை முடிந்ததும் அவளைத் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டேன். ரெண்டு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே எதிர்பார்த்தேன். அவள் சீட்டில் சாய்ந்து, காலை மெதுவாக நீட்டிவிட்டுக் கேட்டாள்.

"படத்துக்குத் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு எத்தன தடவ சொன்ன. மரம் செத்துப்போச்சு, தள்ளி நில்லுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா என்னண்ணே?"

ஜீப் போய்விட்டது. நாலு மணிக்குப் பச்சைக்காய் வந்தது, லோடு ஏற்றினேன்.

ஸ்டோருக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்போதும் நல்ல படம் எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். வெளிச்சம் பற்றியெல்லாம் நான் பேசுவதில்லை. காட்டில் ஒரு மரம் சாகிறது என்று கண்ணில் பட்டால், முதலில் அதன் அடியில் நிற்கிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம், செத்த மரம் எங்கேயும் போகாது.