நெற்றியில் வைத்த இருபது காசு

“…வரிசை முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன பாய்? நெத்தியில வச்ச காசைத் திரும்ப எடுக்கிறது வழக்கமில்லை,” என்றார் அண்ணி.

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தோம். அவர் நெற்றியில் சந்தனம் வைத்து ஒட்டியிருந்தது ஓர் இருபது காசு. ஃபேரர் பார்க்கில் தையற்கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் பாய், அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காசில் என்னதான் இருந்தது என்று இந்த ஓராண்டில் பலரும் என்னைக் கேட்டுவிட்டீர்கள். அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

அண்ணன் பிறந்தது புக்கிட் மேராவில். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு புளோக்கின் கீழே இருந்த ஒரு மாமாக் கடையில், அதாவது சின்ன மளிகைக் கடையில், வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இங்கே சொந்தமாகக் கடை போட்டார். தம்பியான என்னையும் தங்கையையும் கரையேற்றியது அந்தக் கடைதான்.

கல்லாவுக்கு வரும் காசையெல்லாம் திருப்பிப் பார்ப்பார். “அண்ணே, மீதி குடுக்கிறீங்களா, அதுக்கு ஜாதகம் பாக்கிறீங்களா?” என்பார்கள். “ரெண்டும்தான்லா,” என்பார்.

காசில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பார்ப்பார். “மேடுன்னா பொறப்பு, பள்ளம்னா பொழப்பு,” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால், உலோகம் அதற்குள் ஏறி, காசில் கோடு மேடாக எழும்பும். கைமாறும்போது பட்ட கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். அது கல்லாவுக்கே போய்விடும். பிழைக் காசு வந்தால் கொடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்வார். அவர் சரி என்றால்தான் வேறு காசு கொடுத்து அதை எடுத்துக்கொள்வார்.

பழைய இருபது காசு ஒன்றில், பூப் போட்ட பக்கத்தில், அப்படி ஒரு மேட்டுக்கோடு கிடைத்தது. ஒரே அச்சில் அடிக்க அடிக்க விரிசல் நீளும் அல்லவா? கோடு இதழ் வரை வந்த காசு, காம்பு வரை வந்த காசு என்று அண்ணனும் பாயும் தேடித் தேடி வரிசையாக வைத்தார்கள். கடைசியில் அச்சின் ஓரமே உடைந்திருக்கும், அந்த இடம் காசில் வெறும் திட்டாகப் புடைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒன்றுதான் பல ஆண்டுகளாக அகப்படவில்லை. “ஒடஞ்ச காசைத் தேடுற மனுஷனுக்கு வீட்ல ஒடஞ்ச குழாய் கண்ணுல படாது,” என்று அண்ணி இடிப்பார்.

மறைவுக்கு முதல்நாள் அண்ணன் பாய்க்குப் போன் செய்தார். “கெடச்சிருச்சு பாய். நாளைக்குக் கடைக்கு வாங்க. படம் எடுத்தெல்லாம் அனுப்ப மாட்டேன்.”

விடியுமுன் தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்கு செய்ய வந்தவர் ஒரு காசு கேட்டபோது, அண்ணன் கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையில் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தார் அண்ணி. பூப் பக்கம் கீழே போய்விட்டது. பாய் வந்து போனில் அண்ணன் சொன்னதைச் சொல்லி, காசு எங்கே என்று விசாரித்தபிறகுதான் அது எந்தக் காசு என்று எங்களுக்கே தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் நெற்றிக் காசு அவரோடே நெருப்புக்குப் போகும்.

அன்று நாற்காலி போட்டவர்கள், தேநீர் கலக்கியவர்கள், மண்டாய் தகனச்சாலை வரை கூட வந்தவர்கள், கடையை மூட உதவிய அண்டை வீட்டார், எல்லாரையும் எங்கள் குடும்பம் மனத்தில் வைத்திருக்கிறது. பாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் வற்புறுத்தவே இல்லை.

“சரிதான் தங்கச்சி, எடுக்க வேணாம். வரிசைக்காக இல்ல. நான் இன்னும் பாக்கலையேன்னுதான்…” என்று நிறுத்திக்கொண்டார்.

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணி பாயிடம் கை நீட்டி அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கினார். காசைத் தாமே எடுத்தார். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்தார். அண்ணனைப் போலவே ஓரத்தை நகத்தால் தடவினார்.

“மேடுதான்,” என்று சொல்லி இரண்டையும் பாயிடம் கொடுத்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு காசைத் திரும்ப வாங்கி, பூப் பக்கம் மேலே வரும்படி, அண்ணனின் நெற்றியில் வைத்தார்.