றொஷானி மிஸ்ஸின் இரைச்சல் வகுப்பு

பாலையூற்று றொஷானிக்குக் கரும்பலகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பல்கலைக்கழகத்தில் ஒலிச் சமிக்ஞைகளைப் பற்றிப் பலகை பலகையாகச் சமன்பாடு எழுதி, நல்ல புள்ளியும் வாங்கி வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. சத்தத்தில் வேண்டாததைக் கழிக்கும் வடிகட்டி ஒன்று வேலை செய்வதை அவள் ஒருநாளும் காதால் கேட்டதில்லை! நீச்சலைப் புத்தகத்தில் படித்துச் சித்தியடைந்த மாதிரி. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே அவளுடைய வகுப்பில் முதலில் காது, பிறகுதான் கணக்கு. உள்ளங்கையில் அடங்கும் மலிவான சுற்றுப் பலகை ஒன்று, ஓட்டோவில் கழற்றிய ஸ்பீக்கர், இலவச மென்பொருள் போட்ட பழைய லப்டொப். திரையில் ஒரு எண்ணை மாற்றினால் அந்தக் கணமே சத்தம் மாறும். "இப்ப செய்தீங்களே, அதுக்கு ஒரு பேர் இருக்கு" என்று பிறகு ஆறுதலாகச் சொல்லுவாள்.

படிக்க வருகிறவர்கள் எல்லாரும், நாட்கணக்காய்க் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாள் படகில் போகிறவர்களின் மனைவிமார். பின்னேரங்களில் மீனவர் சங்க மண்டபத்து றேடியோவில் கடலில் இருந்து குரல்கள் வரும். வந்தென்ன, பாதி இரைச்சலோடு போய்விடும். அந்த இரைச்சலைக் கழிக்கும் பெட்டி ஒன்றைச் செய்வதுதான் பாடம். எத்தனையோ கதவுகளைத் தட்டிக் களைத்த பிறகு, சங்கத் தலைவர் பேணாட்தான் மண்டபத்தைத் தந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை.

"ஆம்பிளையளுக்கு ஏதும் கரைச்சல் வந்துதெண்டால் சாமானைக் கட்டிப்போடோணும், பிள்ளை."

இந்த மண்டபமும் போனால் வகுப்பை வைக்க அவளுக்கு வேறு இடமில்லை.

பெட்டி தயாரான அன்று பேணாட்டும் வந்து கதிரையில் அமர்ந்தார். யாரும் கதைக்காத நேரத்து வெறும் இரைச்சலைப் பெட்டி முதலில் கேட்டுப் பழகியது. இனி யார் கதைத்தாலும் அந்த இரைச்சலை மட்டும் கழித்துவிட்டுக் குரலை வெளியே விட வேண்டும். றொஷானிக்கு வந்த உற்சாகத்தில், அதை மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் கொழுவிவிட்டாள். அங்கேதான் பிழை வந்தது.

பக்கத்தில் நின்று கதைப்பது போல ஒரு குரல் வந்தது. முன்வரிசையில் இருந்த திரேசம்மாவின் கணவன் றெக்சன், இன்னொரு படகுக்காரனோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கட போட்டிலை சமைக்கிற குசினிக்காரன்ர கறிதான் கறி. வீட்டிலை அவ வைக்கிற புளியாணத்தைக் கண்டால், செத்த மீனும் திரும்பக் கடலுக்கு ஓடும்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. திரேசம்மா பாய்ந்து றேடியோ மைக்கைப் பறித்து, மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். றொஷானி பேணாட்டின் முகத்தைப் பார்த்தாள். பெட்டி இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்க வேண்டாமே என்று, தன் படிப்பையே ஒருகணம் சபித்தாள்.

பேணாட் எழுந்தார். "காணும், நிப்பாட்டுங்கோ. ஆம்பிளையள் கடல்லையாவது நிம்மதியாக் கதைக்கட்டும்." மைக்கை வாங்கி, "றெக்சன்! வாயைக் கவனி! நீ கதைக்கிற எல்லாம் பெண்டுகளுக்குக் கேக்குது. வகுப்பை இண்டையோடை நிப்பாட்டுறன்!" என்று கத்தினார்.

"என்ன அண்ணை? உஸ் எண்டு இரையுது. திருப்பிச் சொல்லுங்கோ" என்றான் றெக்சன் கடலில் இருந்து.

மூன்றாம் தரம் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

"அப்ப... முதல்லை ஆரோ கதைச்சது திரேசாவோ?"

"ஓம். நல்லா ஏச்சுத் தந்தவ."

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை அண்ணை. கலியாணம் கட்டினதிலையிருந்து கடல்லை நான் அவவின்ர குரலை ஒழுங்காக் கேட்டதில்லை. வகுப்பை நிப்பாட்டாதேங்கோ. எங்கட போட்டுக்கும் அதிலை ஒண்டு செய்யச் சொல்லுங்கோ. ஏச்செண்டாலும் பரவாயில்லை, கேக்கோணும்."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சமன்பாடு எழுதிய காலத்தில் இதை ஒருவரும் றொஷானிக்குச் சொல்லித் தரவில்லை. பேணாட் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

திரேசம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு சுற்றுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கெதியாச் சொல்லித் தாங்கோ மிஸ். அடுத்த பயணத்துக்கு முந்தி முடிக்கோணும். அந்த மனுசனை ஏச எனக்கு நிறையக் கிடக்கு."