மட்டாஞ்சேரிக்கு நான் கொண்டுபோன புத்தகம்

கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்த மணி, மட்டாஞ்சேரித் தமிழர். பல நூற்றாண்டுகளுக்கு முன் முருகனைப் பாடிய கவி ஒருவரை அங்குள்ள தமிழர்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘நம்ம சாமி’தான். ஆண்டுக்கு ஒருநாள், காலை ஆறு மணி முதல் விளக்கு வைக்கும்வரை, அவர் பாட்டுகளை மிருதங்கம், ஆர்மோனியத்தோடு முறைவைத்துப் படிப்பார்கள். மணி மூன்று வருடம் கூப்பிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம்தான் கிளம்பினேன். வெறுங்கையோடு போக மனமில்லை. அந்தப் பாட்டுகள் முழுவதும் அடங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து படகு, நாற்பது பைசா, அரை மணி நேரம். இதுதான் மட்டாஞ்சேரியா என்று இரண்டு முறை கேட்டதில் படகுக்காரர் சிரித்துவிட்டார். “இனி கடல்தான் சேட்டா, இறங்கிக்கோ.”

மறுநாள் விடிவதற்குள் மணியோடு மண்டபத்துக்குப் போனேன். கொச்சங்காடிப் பக்கம், கிடங்குகளுக்கு நடுவே இருந்தது. தெருவெல்லாம் சுக்கு வாசனை. பாட்டு படிக்கிறவர் முன்னால் இருந்த பலகையில் கிழிந்த நோட்டு ஒன்று கிடந்தது. நான் பெருமையாகப் புத்தகத்தை நீட்ட, காரியம் பார்க்கும் சங்கரன் மாமாவுக்குப் பூரிப்பு. “அச்சுப் புஸ்தகமா! இனி இதுதான்” என்று அதைப் பலகையில் வைத்து, நோட்டை மண்டபத்தை ஒட்டிய சன்னதியில் முருகன் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வாசிப்புக்கு ஒரே சட்டம்: குரல் நிற்கக் கூடாது. ஒருவர் கடைசி அடியைப் பாடும்போதே அடுத்தவர் சேர்ந்துகொள்ள வேண்டும். நின்றால் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்கள். நிறுத்தியவருக்கு அப்புறம் முறையே கிடையாது.

மதியம் இரண்டு மணிக்கு மணி படித்துக்கொண்டிருந்தான். அடுத்தது சரசு. நகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர்; காலை வேலை முடித்து, குளித்து நேராக வந்திருந்தார். அவர் தெருவிலிருந்து ஒருவருக்கு முறை கிடைத்தது அதுதான் முதல் தடவை. எட்டுப் பாட்டு, இரண்டு மாதப் பயிற்சி. மணி கடைசி அடிக்கு வந்தான். சரசு புத்தகத்தைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

“நோட்டு எவிடே?” என்றார் என்னிடம் மெதுவாக. “எனக்குத் தமிழ் எழுத்து அறியாது அண்ணா.”

அப்போதுதான் விளங்கியது. நோட்டில் இருந்தது தமிழ்ப் பாட்டுதான். மலையாளப் பள்ளியில் படித்தவர்களுக்காக மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து படித்தவர்களுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். சங்கரன் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். “நடை அடைச்சாச்சே! சாவி பூசாரிகிட்ட. அஞ்சு மணிக்குத்தான் தொறக்கும்.”

மணி அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினான். ஏழாவது தடவை அவன் குரல் கம்மியது. சரசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நான் அடி அடியாச் சொல்றேன், நீங்க பாடுங்க.”

காதோரம் நான் முணுமுணுக்க, அவர் பாடினார். என் வாயில் உப்புச் சப்பில்லாமல் வந்த வரி அவர் குரலில் ஏறியதும் மிருதங்கக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடம், எட்டுப் பாட்டு. குரல் நிற்கவில்லை. முடிந்ததும் சரசு சாயா டம்ளரை என்னிடம் நீட்டினார். “அடுத்த வர்ஷம் புஸ்தகம் வேண்டா அண்ணா. நீங்க வந்தா போதும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாயா சுடுகிறது என்று சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாள் சாயங்காலமே போய்விடுங்கள், காலைப் படகை நம்பினால் தொடக்கம் போய்விடும். மண்டபத்திலேயே மதியச் சாப்பாடு உண்டு. பரிசு ஏதும் வாங்குவதாக இருந்தால், அங்கே எது வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறு வருடமும் போனேன். சரசு நோட்டைப் பார்த்துத் தானே எட்டையும் படித்தார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்து அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை நான்.