கறுப்பு லிக்கர்

எஸ்றா, எம்.எஸ்சி., பி.எச்டி., பொய் சொல்லத் தெரியாதவர். இதை நற்குணம் என்பவர்கள் அவரோடு பத்து நிமிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

இருபத்தாறு வருடம் கெமிக்கல் கம்பெனியில் இருந்துவிட்டு, தூத்துக்குடி பைபாஸ் ஓரம் ஷெட் போட்டார். காகித ஆலையில் மரத்தை வேகவைத்துக் கூழ் எடுத்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவம் டேங்கர் லாரியில் அங்கே வரும். அதில் ஆசிட் விட்டால், மரத்தை விறைப்பாக நிறுத்திவைக்கும் லிக்னின் பழுப்புச் சேறாக அடியில் இறங்கும். அந்த லிக்னினைக் காரத்தில் கொதிக்கவைத்து, காற்று ஊதி, வனிலா வாசனைக்கு உயிரான வனிலின் எடுப்பார். நூறு கிலோவுக்கு நாலு கிலோ தேறினால் அன்று வீட்டில் ஸ்தோத்திர ஜெபம்.

அவர் உயிரையே வைத்திருந்தது வேறொன்றின் மேல்: சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் உறுப்பினர் பதவி. அந்தத் தேர்தலில் அவர் குடும்பத்தில் யாரும் தோற்றதில்லை, யாரும் நின்றதில்லை.

மனு பரிசீலனையன்று, அதே பதவிக்கு நின்ற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தனராஜ் தம் செல்போனில் ஒரு போட்டோவை நீட்டினார். டேங்கரின் முதுகில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: 'பிளாக் லிக்கர்'. மது வியாபாரி கமிட்டிக்கு நிற்கக் கூடாதென்பது விதி.

"மரத்த வேகவச்ச தண்ணி சார் அது" என்று ஆரம்பித்த எஸ்றா, காணிக்கைக் கவரின் பின்புறம் பென்சீன் வளையம் வரைந்து நாற்பது நிமிடம் விளக்கினார்.

"படம்லாம் இருக்கட்டும்வே" என்றார் தனராஜ். "அது லிக்கரா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லும்."

'இல்லை' என்றால் மனு பிழைக்கும். ஆனால் தொழிலில் அதற்குப் பெயர் அதுதானே!

"லிக்கர்தான். ஆனா..."

செயலாளர் 'லிக்கர்தான்' வரை எழுதிப் பேனாவை மூடினார். மனு தள்ளுபடி.

பிறகு டீயும் கேக்கும். கேக், எஸ்றாவின் மனைவி கிளாடிஸ் செய்து கொடுத்துவிட்டது. தனராஜ் இரண்டாம் துண்டை எடுத்தார்.

"வாசன ஆளத் தூக்குதே!"

"அந்த லிக்கர்ல இருந்து எடுத்த வாசனதான் சார்."

மென்ற வாய் நின்றது. இதற்கு என்ன செய்வதென்று விதிப்புத்தகத்தில் இல்லை. விழுங்கினார்.

"சபை கிறிஸ்மஸ் கேக்குக்கு அந்த வாசனப் பொடி அரைக் கிலோ குடுத்துரும்வே, காணிக்கையா. கமிட்டிக்குத்தான் ஆகாது, கேக்குக்கு ஆகும்."

எஸ்றாவுக்கு முகம் சிவந்தது. இந்த அநியாயத்தை இப்போதாவது கேட்டுவிட வேண்டும்.

"அரைக் கிலோவா? அவ்வளவு போட்டா கேக்கை வாயில வைக்க முடியாது சார்" என்றார் கண்டிப்பாக. "நாப்பது கிராம் போதும்."