விட்டுக்கொண்டே இருந்த அலைகள்

கோவளத்தில் பயிற்சி என்றால், வருகிற அலையிலெல்லாம் பலகையோடு ஏறிவிடுவேன். மாமல்லபுரத்தில் இந்திய அணிக்காக இறங்கிய முதல் அலைச்சறுக்குப் போட்டியில் மட்டும் எந்த அலையும் எனக்குப் போதவில்லை. அந்தச் சுற்றில் தோற்றால் அணியில் இடம் போய்விடும். நாட்டுக்காக ஏறுவது பெரிய அலையாக இருக்க வேண்டாமா? அடுத்தது நல்லதாக வரும், அதற்கடுத்தது இன்னும் நல்லதாக வரும் என்று விட்டுக்கொண்டே இருந்தேன்.

கரையிலிருந்து அணித்தோழன் கத்தினான்: "மச்சான், இன்னா, பொண்ணா பாத்துகினு கீற? வர்றதுல ஏறுடா!"

பதறிப்போய்ச் சின்ன அலை ஒன்றைத் துரத்தினேன். பலகையில் எழுந்து நிற்பதற்குள் சுற்று முடிந்ததற்கான ஹாரன் அடித்துவிட்டது. ஒரு புள்ளிகூட இல்லாமல் கரையேறினேன்.

"பயந்துட்டியா?" என்று கேட்டான்.

பயந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். இந்தியச் சட்டையைப் போட்டதும், தினமும் என்னைத் தூக்கிவிட்ட கடலையே மட்டமாகப் பார்த்துவிட்டேன்.