மூன்றாம் பாகத்தில் மாறிய அப்பா

கல்லூரி விடுதியில் இருக்கும் மகளும் செம்மேட்டில் நானும் செல்போனில் ஒரே கதை விளையாட்டை ஆடிவந்தோம். நாம் அழுத்தும் பதிலைப் பொறுத்து அதில் கதை மாறும். புதுப் பாகம் வந்தால் அவள் கூப்பிடுவாள். அதை விட்டால் எனக்கு வேறு பேச்சு வராது. விளையாட்டில் ஓர் அப்பா உண்டு, சாதுவானவர். மூன்றாம் பாகத்தில் அவர் தன் மகள்மேல் எரிந்து விழுந்தார். முன்பு நான் தப்பான பதிலை அழுத்தியதால்தான் என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடி ஆடினேன். அப்போதும் திட்டினார்.

சொன்னதும் மகள் சிரித்தாள். “உங்க மேல தப்பில்லீங்கப்பா. கதை எழுதுற ஆளையே மாத்திட்டாங்களாம். பழைய அப்பா இனி வரமாட்டாரு. நான் ஆடறத நிறுத்திட்டேன்.”

“அப்ப இனிமே கூப்புடமாட்டியா கண்ணு?”

“கூப்புடுவேனுங்கப்பா. நீங்கதான் என்ன பேசுவீங்களோ.”

“மிளகு காயப் போட்டிருக்கேன்” என்றேன்.

“அங்க மழை இல்லீங்களா?” என்று கேட்டாள்.