என் முதுகெலும்பைப் புழு தின்கிறதென்று நான் அலறிய நாட்கள்

அன்பான சபையாரே, விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில் இருபது வருஷம் குழி வெட்டியவன் நான். உங்களில் பாதிப்பேரின் தகப்பன்மாரை மண்ணுக்குள் இறக்கிய கை இது. சாவுக்கு அஞ்சாதவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நான் அஞ்சிய கதையை இப்போது சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம். ஐப்பசி மழை. குழிக்குள் குனிந்து மண்ணை அள்ளியபோது இடுப்பில் வெட்டியதுபோல் ஒரு வலி. இடது கால் வழியாகக் கணுக்கால்வரை நெருப்பாக ஓடியது. நிமிர முடியவில்லை. சவம் வந்தபோது குழிக்குள் கிடந்தவன் நான்தான். என்னைத் தூக்கி வெளியே போட்ட பிறகே செத்துப்போன அம்மாளை இறக்கினார்கள்.

பத்து நாளில் பாதம் மரத்துப்போனது. என் மனைவி எஸ்தர் வெந்நீர் ஊற்றினாள். தோல் சிவந்தது, எனக்குச் சூடு தெரியவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரயிலில் பாய் விரித்துக் கிடத்தி, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். “முதுகெலும்புல ஓட்டை இருக்குது இல்ல, அங்கதான்யா கோளாறு” என்றார்.

அவ்வளவுதான். பழைய குழிகளைத் தோண்டும்போது எத்தனை முதுகெலும்புகளைப் பார்த்திருக்கிறேன்! இரண்டு எலும்பு சேருமிடத்தில், பக்கவாட்டில் ஓட்டை. செத்தபின் புழு அரித்தது என்றே நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் உயிரோடிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது!

“ஆண்டவரே, புழு செத்தப்புறம் தின்னட்டும்! இப்ப என் காலைத் திருப்பிக் குடும்!” என்று கத்தினேன். அதுதான் என் ஜெபம். அழகான வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

“இன்னாய்யா இது பேஜாரு? எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் எஸ்தர்.

“உள்ள புழு மேஞ்சிக்கினு இருக்குது, உனக்கு மானம் போவுதா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அந்த ஓட்டை பொறக்கும்போதே எல்லாருக்கும் இருக்குதுய்யா. அது வழியாத்தான் நரம்பு வெளியே வந்து காலுக்குப் போவுது. உனக்கு அந்த வழி குறுகி நரம்பு நசுங்குது. ஆறு வாரம் பலகைமேல மல்லாந்து படு. கால் வருமான்னு நான் சொல்ல முடியாது.”

படுத்தேன். என் குழியை யார் வெட்டுவார்கள், ஒழுங்காக வெட்டுவார்களா என்று கூரையைப் பார்த்துக் கவலைப்பட்டேன். எஸ்தர் தினமும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு கிடந்த வண்டிக்காரர் கால் தேறாமலே வீட்டுக்குப் போனார். அவரும் ஜெபித்தவர்தான். அது ஏன் அப்படி, எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, இடது சுண்டுவிரலில் சுருக்கென்றது.

“கடிச்சிடுச்சி! கடிச்சிடுச்சி!”

பாம்பென்று நினைத்து எஸ்தர் ஓடிவந்தாள்.

“எறும்புடி! வலிக்குதுடி!”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வலித்ததற்காக நான் ஆண்டவரை ஸ்தோத்திரித்தது அதுவே முதல் தடவை.

தை மாதம் கோலூன்றி வீடு வந்தேன். மழைக்காலத்தில் வலி இன்னும் வருகிறது. மண்வெட்டி எடுப்பதில்லை. சவத்தின் பின்னால் நடந்துபோய், அழுகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறேன். இருபது வருஷம் குழிக்குள் நின்றவன் அவர்கள் முகத்தைப் பார்த்ததேயில்லை.

ஜெபிக்கத் தெரியவில்லையே என்று யாராவது வாய்மூடிக் கிடந்தால், கத்துங்கள். என் கூச்சலைக் கேட்டவர் உங்கள் கூச்சலையும் கேட்பார். அதுவரை பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமா? சொல்லியனுப்புங்கள். மெதுவாகத்தான் வருவேன்; ஆனால் நடந்து வருவேன்.